ஃபிச்சோவின் சத்தம்

"சத்தத்தைக் கூட்டு நெவென்கா! மேடு ஏறுறப்ப எந்த எஞ்சினாவது இப்படி முனகுமா?" பல்லைக் கடித்தார் ட்ராகுடின்.

"கத்தாதே கிழவா, கூட்டிட்டேன்." மடியிலிருந்த குமிழைத் திருகினாள் மனைவி. பின்பக்கமிருந்து ஃபிச்சோவின் டபடப சத்தம் பெரிதாக எழுந்தது.

கார்லோவட்ஸிலிருந்து கடற்கரை ஊரான ஸென் வரை, குதிரை வண்டிகள் ஓடிய காலத்துச் சாலையில், பழைய ஃபிச்சோ கார்ச் சங்கத்தின் வருடாந்திரப் பயணம். முன்னால் வரிசையாகக் குட்டிக் கார்கள் புகை கக்கிக்கொண்டு ஏறின. பின்பக்கம் எஞ்சின் வைத்த கார்கள் எல்லாம். ட்ராகுடினின் காரில் மட்டும் எஞ்சினே கிடையாது.

போன குளிர்காலத்தில் அது விரிசல் விட்டுச் செத்துப்போனது. உதிரி பாகம் தேடி அலையாத இடமில்லை. கடைசியில் மெக்கானிக் இவிட்ஸாதான் பேட்டரி மோட்டார் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தான். தன் பட்டறையில் வேறொரு ஃபிச்சோவை ஓடவிட்டு, அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து, ஒரு ஒலிபெருக்கியும், அதைக் கூட்டிக் குறைக்க ஒயரில் ஒரு குமிழும் வைத்தான்.

"அண்ணே, இந்த மாதிரி வேலை உங்களுக்கு மட்டும்தான் செஞ்சிருக்கேன். செத்தாலும் வெளிய சொல்லமாட்டேன்" என்று சத்தியமும் செய்தான்.

வேலை சுத்தம்தான். ஒரே ஒரு கோளாறு. பதிவு செய்யும்போது பட்டறை நாய் குரைத்துவிட்டது. "ஷார்கோ, வாயை மூடு!" என்று இவிட்ஸா அதட்டியதும் அதிலேயே ஏறிவிட்டது. சத்தம் திரும்பத் திரும்ப ஓடும்போது, அந்த இடம் வந்தால் நெவென்கா குமிழைக் குறைத்து, தாண்டியதும் கூட்ட வேண்டும்.

"பின்னால யார் வர்றது பாரு."

"வேற யாரு? தலைவர்தான். நம்ம வாலைப் பிடிச்சுக்கிட்டே வர்றாரு."

"போச்சுடா!"

தலைவர் வியெகோஸ்லாவைக் கண்டால் சங்கமே நடுங்கும். போன வருடம் யுரே தன் ஃபிச்சோவில் வேறு கார் எஞ்சினை மாட்டியது தெரிந்ததும், அத்தனை பேர் முன்னாலும் அவன் காரிலிருந்த சங்கச் சின்னத்தை நெம்பி எடுத்தார். அதற்குப் பிறகு யுரேவின் வீட்டுப் பக்கம் ஒருவரும் போகவில்லை. ட்ராகுடினும்தான் போகவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்குப் பேச்சுத் துணை என்று இருந்ததே இந்தச் சங்கத்து ஆட்கள்தான். அவர்களும் இல்லையென்றால்?

கார் ஒரு பள்ளத்தில் இறங்கிக் குதித்தது. குமிழ் நெவென்காவின் கையிலிருந்து நழுவியது.

லொள்!

"அடிப்பாவி! குறை, குறை!"

தட்டுத் தடுமாறிக் குறைத்தாள். ட்ராகுடின் பயந்துகொண்டே கண்ணாடியைப் பார்த்தார். தலைவர் தன் காருக்குள் குனிந்து, பரபரவென்று எதையோ துழாவிக்கொண்டிருந்தார்.

"கேட்டுடுச்சு. நாயைத் தேடுறாரு!"

"தேடட்டும். நாய் இருந்தாத்தானே கிடைக்கும்?" என்றாள். ஆனால் குமிழை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வ்ராட்னிக் கணவாயின் உச்சியில் எல்லாக் கார்களும் நின்றன. ஏறி வந்த களைப்பில் கொதிக்கும் எஞ்சின்களின் மூடியைத் திறந்து, குச்சியால் முட்டுக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது வழக்கம். தலைவர் ராக்கியா சாராய பாட்டிலோடு ஒவ்வொரு காராகப் போய், எஞ்சினைப் பார்த்து, உரிமையாளருக்கு ஒரு மடக்கு ஊற்றுவார். அவருடைய சிவப்பு ஃபிச்சோ மட்டும் அணைக்காமல் டபடபவென்று ஓடிக்கொண்டே நிற்கும். அது கொதித்து யாரும் பார்த்ததில்லை.

நெவென்கா சத்தத்தை அடியோடு அணைத்தாள். இருவரும் இறங்கி, மூடியை மறைத்தாற்போல் நின்றார்கள்.

"என்னப்பா ட்ராகோ, மூடியைத் திறக்கலையா?"

"கொதிக்கலை தலைவரே."

"நடந்து ஏறினா மனுஷனே கொதிச்சுப் போற மேடு இது. உன் வண்டி கொதிக்கலையா?"

"காத்து அப்படி அடிக்குதே தலைவரே!"

"வழியெல்லாம் உன் பின்னாலதான் வந்தேன். பொட்டுப் புகையக் காணோம்?"

"அதையும் காத்துதான்..."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மற்றவர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"தலைவரே, வீட்டுல செஞ்ச பாலாடைக்கட்டி ரொட்டி இருக்கு. சூடா ஒரு துண்டு..." என்று குறுக்கே வந்தாள் நெவென்கா.

"ரொட்டி அப்புறம். முதல்ல திறக்கச் சொல்லு."

ட்ராகுடின் மூடியின் பிடியில் கை வைத்தார். சின்னத்தை நெம்பி எடுத்த இடம் சொட்டையாக, யுரேவின் கார் நின்றது கண்ணில் வந்தது. அன்று அவனுக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

"தலைவரே, ஒரே ஒரு வேண்டுகோள். எதுவா இருந்தாலும் தனியா..."

"தனியா என்ன பேச்சு? ஃபிச்சோன்னா அதுக்குள்ள ஃபிச்சோ எஞ்சின்தான் இருக்கணும். ஊரை ஏமாத்துறவனுக்கு இந்தச் சங்கத்துல..."

லொள்!

எல்லோரும் திடுக்கிட்டார்கள். ட்ராகுடின் மனைவியை முறைத்தார். அவள் வெறும் கைகள் இரண்டையும் விரித்துக் காட்டினாள். குமிழ் காருக்குள் இருந்தது.

தலைவரின் முகம் வெளுத்தது. அவர் திரும்பி ஓடுவதற்குள், டபடபத்துக்கொண்டிருந்த சிவப்பு ஃபிச்சோவிலிருந்து இவிட்ஸாவின் குரல் கணீரென்று அதட்டியது:

"ஷார்கோ, வாயை மூடு!"