பூட்டாமல் போன திரை

"அந்த மெயில் நான் அனுப்பினது இல்ல மேடம்."

புகார்ப் பிரிவில் இருந்தவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். உடைந்த பார்சலுக்காகவும் தொலைந்த பார்சலுக்காகவும் நாள் முழுவதும் திட்டு வாங்குவது அந்தக் கூரியர் நிறுவனத்தில் அவளுடைய உத்தியோகம். ஆகையால் ஒருவர் எதிரே வந்து வியர்த்து வழிந்து நிற்பது அவளுக்குப் புதிதல்ல. அப்படி நின்றவன் கணினிப் பாதுகாப்பு அதிகாரி என்பதுதான் புதிது.

"எந்த மெயில் சார்?"

"காலையில என் ஐடியிலேர்ந்து உங்களுக்கு வந்ததே, அது."

"ஓ, அதுவா?" திரையைப் பார்த்து நிதானமாகப் படித்தாள். "'உங்கள் மேசையைத் தாண்டும்போது மட்டும் என் நடை தானாக மெதுவாகிறது. என்னைத் திருமணம் செய்துகொள்ள உங்களுக்குச் சம்மதமா?' இதுதானே?"

"சத்தமாப் படிக்காதீங்க மேடம். எல்லாரும் பார்க்கறாங்க."

அலுவலகத்தில் அவனுக்குப் 'பூட்டு' என்று பெயர். திரையைப் பூட்டாமல் இருக்கையை விட்டு எழுந்தவர்களை அவன் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. அங்கே நெடுநாளாக ஒரு வழக்கம் இருந்தது. யாராவது திரையைத் திறந்துபோட்டுவிட்டு நகர்ந்தால், அந்தக் கணினியிலிருந்தே, 'இன்று எல்லோருக்கும் காபி என் செலவு' என்று அலுவலகம் முழுவதற்கும் மெயில் போய்விடும். மாட்டிக்கொண்டவர் உட்பட எல்லோரும் சிரித்துக்கொண்டே குடிப்பார்கள். பூட்டு மட்டும் குடிக்கவும் மாட்டான், சிரிக்கவும் மாட்டான். விளையாட்டுக்கே ஆனாலும் அடுத்தவர் கணக்கில் புகுந்து எழுதுவது ஆள்மாறாட்டம். நிரூபணமானால் வேலை நீக்கம் என்று விதி எழுதி, போன மாதம்தான் மேலாளரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தான்.

இன்று காலை, சர்வர் அறையில் ஏசி ஒழுகுகிறது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். வாளியைத் தேடி ஓடியவன், வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் திரையைப் பூட்ட மறந்தான். திரும்பி வந்தபோது மெயில் போயிருந்தது.

"இது மீசையோட வேலைதான்" என்றான். மீசை என்பவர் பார்சல் பிரிவின் கோமாளி. காபி மெயில்களில் பாதிக்கு ஆசிரியர் அவரே.

"மீசையா? நாலு வரி சேர்ந்தாப்ல எழுத வராதே அவருக்கு. அவரோட லீவ் லெட்டரையே நான்தான் எழுதிக் குடுக்கறேன்."

"அப்ப வேற எவனோ. எவனா இருந்தாலும் விடறதா இல்ல. புகார் டைப் பண்ணி வச்சுட்டேன். அதுல உங்க பேரு வருது. அதான், அனுப்பறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாம்னு."

"புகார்ல என்ன எழுதியிருக்கீங்க?"

"என் சீட்டுக்கு மேல கேமரா இருக்கு, அந்தப் பதிவை எடுத்துப் பார்க்கணும்னு. திரையைத் திறந்துபோட்டது என் தப்புன்னும் எழுதியிருக்கேன்."

"உங்களை நீங்களே போட்டுக் குடுக்கறீங்களா?"

"விதியை எழுதினவனே விதிவிலக்கு கேக்கலாமா மேடம்?"

அவள் பேனாவை மேசைமேல் உருட்டினாள். தொலைபேசியில் கத்துகிறவர் களைத்துப்போகும்வரை அவள் அப்படித்தான் பேனாவை உருட்டுவாள் என்பது அவனுக்குத் தெரியும். அவளைப் பற்றி இதைப்போல் அவனுக்கு நிறையத் தெரியும்.

"விட்டுடுங்களேன் சார். ஆபீஸ் முழுக்க என் பேரு அடிபடும்."

"அதனாலதான் விடக்கூடாதுங்கறேன். உங்களை வச்சு ஒருத்தன் விளையாடியிருக்கான்."

"விளையாட்டுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பின்ன என்ன? ரெண்டு வருஷமா மத்தியானம் ஒரே மேசையில உட்கார்ந்து சாப்பிடறோம். இந்தக் கண்றாவியைப் படிச்சுட்டு நாளைக்கு நீங்க வேற மேசைக்குப் போயிட்டா..."

பதவி போய்விடுமோ என்ற பயம் காலையிலேயே அடங்கிவிட்டது. எதிர் நாற்காலி காலியாகிவிடுமோ என்ற பயம்தான் அவனை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மறைக்காமச் சொல்லுங்க." அவள் குரல் தாழ்ந்தது. "அதுல எழுதியிருக்கறது பொய்யா?"

மேசைமேல் தொலைபேசி அடித்தது. அவள் எடுக்கவில்லை. மணி அடித்து அவள் எடுக்காமல் இருந்ததை அவன் அன்றுதான் பார்த்தான்.

பொய் அவனுக்குக் கைவராத கலை.

"எழுதினது நான் இல்ல" என்றான் மணி ஓய்ந்ததும். "எழுதியிருக்கறது பொய்யும் இல்ல. என் நடை மெதுவாகறதைக்கூட எவனோ ஒருத்தன் கவனிச்சிருக்கான் பாருங்க, அதைத்தான் தாங்க முடியல."

அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபம் என்று நினைத்துக்கொண்டான்.

"மன்னிச்சுடுங்க மேடம். கேட்டீங்களேன்னு சொல்லிட்டேன். இப்பவே போய்ப் புகாரை அனுப்பிடறேன். இதைச் செஞ்ச ஆளு இந்த வாரத்துக்குள்ள வீட்டுக்குப் போயாகணும். அதுக்கப்புறம் உங்க முகத்துல முழிக்கத் தைரியம் வந்தா, சாப்பாட்டு மேசைக்கு வர்றேன்."

விறுவிறுவென்று நடந்தான். கதவுவரை போய்விட்டான்.

"சார்."

நின்றான்.

"தாராளமா அனுப்புங்க, நான் தடுக்கல. ஆனா எனக்கு வேலை போனதுக்கப்புறம் உங்க ஒருத்தர் சம்பளத்துல நாம குடித்தனம் நடத்த முடியுமான்னு மட்டும் யோசிச்சுட்டு அனுப்புங்க."