அரைநிலாவின் வால்

“பொய் சொல்லப்போறது நான். நீ தலைய மட்டும் ஆட்டு, போதும்,” என்றார் ஜெர்மானோ, படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே.

அவருடைய தங்கை மகள் இடலீனாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. படகில் வருகிறவர்களுக்குத் திமிங்கிலத்தைக் காட்டி விளக்கம் சொல்வது அவள் வேலை. செத்துப்போன திமிங்கிலத்தைக் காட்டுவது அதில் சேராது.

அரைநிலா செத்து ஆறு மாதமாகிறது. பிப்ரவரியில் எங்கள் தீவின் வடக்குப் பக்கம் கரை ஒதுங்கியது. நமக்குக் கைரேகை மாதிரி திமிங்கிலத்துக்கு வால். இடது ஓரத்தில் பிறை போல இருந்த வெட்டை வைத்துத்தான் செத்தது எது என்று கண்டுபிடித்தார்கள்.

ஆகஸ்ட் கடைசி வாரம், மாதா திருவிழா. எங்கள் லாஜெஸ் ஊரில் கால் வைக்க இடமில்லை. விடுமுறைக்கு வருகிறவர்கள் எதையும் மிச்சம் வைக்க மாட்டார்கள். காலையில் படகு, மத்தியானம் திமிங்கில வேட்டை அருங்காட்சியகம், சாயங்காலம் கறுப்புப் பாறைக் குளத்தில் குளியல், அப்புறம் சீஸும் ஒயினும் என்று ஓடிக்கொண்டே இருப்பார்கள்.

வருடா வருடம் வரும் ஒலிந்தா அம்மாளுக்கு இங்கே ஒரே வேலைதான். பெருநிலத்திலிருக்கும் செத்தூபல் நகரிலிருந்து விமானத்தில் வருவார், அரைநிலாவைப் பார்ப்பார், மறுநாள் திரும்பிவிடுவார்.

ஐந்து வருடத்துக்கு முன் ஓர் ஆகஸ்டில் அவருடைய ஒரே மகன் டெல்மோ விடுமுறைக்கு வந்து இந்தப் படகில்தான் ஏறினான். அரைநிலா வாலைத் தூக்கியதும் படம் எடுக்க எழுந்து நின்றான். எங்கிருந்தோ வந்த ஓர் அலை படகைச் சாய்த்தது. விளிம்பில் தலை மோதிக் கடலில் விழுந்தவனை லைஃப் ஜாக்கெட்டோடு தூக்கியபோது உயிர் இல்லை. கேமரா மட்டும் படகுக்குள் கிடந்தது. அதில் கடைசிப் படம் அந்த வால்.

அன்று படகோட்டிய ஜெர்மானோ மேல் தப்பில்லை என்று விசாரித்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் மனசு சொல்லவில்லை. படகைக் கரையேற்றிவிட்டு, ஒரு வருடம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார்.

அடுத்த ஆகஸ்டில் ஒலிந்தா அம்மாளே வந்து அந்தக் கதவைத் தட்டினார். என் பிள்ளை கடைசியாகப் பார்த்ததை நானும் பார்க்க வேண்டும், நீங்கள்தான் கூட்டிப்போக வேண்டும் என்றார். அன்றைக்குத்தான் ஜெர்மானோ மறுபடி இன்ஜினைத் தொட்டார். இப்போதும் குளிர்காலம் வந்தால் படகை விற்றுவிடப்போவதாகப் புலம்புவார். ஆகஸ்டில் அந்த அம்மா வருவாரே என்று நிறுத்திக்கொள்வார்.

“அது செத்துப்போச்சுன்னு எந்த வாயால சொல்றது? பிள்ளைய ரெண்டாந்தரம் பறிகொடுத்த மாதிரி ஆயிடாதா?” என்று ஜெர்மானோ கயிற்றைச் சுருட்டியபடி கேட்டார். இடலீனா லைஃப் ஜாக்கெட்டுகளை எண்ணி அடுக்கினாள்.

ஒலிந்தா அம்மாள் வந்தார். வீட்டில் காய்ச்சிய ஜாம் பாட்டிலை ஜெர்மானோவின் கையில் திணித்து, இளைத்துவிட்டீர்களே என்று கடிந்துகொண்டார். ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று இடலீனாவைத் தனியாக விசாரித்தார். மற்ற வருடங்களில் மகன் எடுத்த அந்தக் கடைசிப் படத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் படகில் உட்காருவார். இந்த முறை கைப்பையைத் திறக்கவே இல்லை. அலுப்பாயிருக்கும் என்று இடலீனா நினைத்துக்கொண்டாள்.

குன்றின் மேலிருந்து தொலைநோக்கியில் கடலைப் பார்த்து வழி சொல்லும் அல்பானோவும் இந்தப் பொய்யில் கூட்டு. தென்மேற்கில் ஒன்று தனியாக நிற்கிறது என்று ரேடியோவில் சொன்னார். ஜெர்மானோ ரொம்பவும் நெருங்காமல், சூரியன் கண்ணைக் கூசவைக்கும்படி படகை நிறுத்தினார்.

திமிங்கிலம் இரண்டு மூச்சு விட்டது. முதுகை வளைத்து வாலைத் தூக்கியது. வெயிலுக்கு எதிரே கன்னங்கரேலென்று தெரிந்த வால், தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே போனது.

“அதோ, அரைநிலா,” என்றார் ஜெர்மானோ. இடலீனா தலையை ஆட்டினாள்.

படகில் முழ நீளக் கேமரா வைத்திருந்த, போர்ட்டோ நகரத்துப் பயணி ஒருவர் தான் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, இதில் வெட்டு எதுவும் இல்லையே என்று ஆரம்பித்தார். இடலீனா அவர் காலை நன்றாக மிதித்தாள்.

ஒலிந்தா அம்மாள் ஜெர்மானோவின் கையைப் பிடித்துக்கொண்டார். “அதேதான். போன வருஷத்துக்கு இப்ப சதை போட்டிருக்கு.”

ஜெர்மானோ முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தார். அடுத்த ஆகஸ்டிலும் அது இங்கேதான் இருக்கும், கட்டாயம் வர வேண்டும் என்றார். ஒலிந்தா அம்மாள் சரி என்றார்.

கரைக்கு வந்ததும் இடலீனா அவரை டாக்சி வரை கூட்டிப்போனாள். பிள்ளையை இழந்தவரை ஏமாற்றியது நெஞ்சை அறுத்தது. மாமா திட்டினால் திட்டட்டும் என்று துணிந்துவிட்டாள்.

“அம்மா, ஒண்ணு சொல்லணும். அந்தத் திமிங்கிலம்...”

“பிப்ரவரியிலயே பேப்பர்ல பாத்துட்டேன், கண்ணு. வாலோட படம் போட்டிருந்தாங்க.”

பிறகு எதற்காக இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று இடலீனா கேட்டாள்.

ஒலிந்தா அம்மாள் துறையைத் திரும்பிப் பார்த்தார். ஜெர்மானோ சீட்டியடித்தபடி படகைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“திமிங்கிலத்துக்காக நான் என்னிக்கு வந்தேன்? அந்த மனுஷன் படகெடுக்கணும்னுதான் வரேன்.”