ஐந்து நிமிடம் பாக்கி

ரக்பி இறுதிப் போட்டி முடிய ஐந்து நிமிடம் இருந்தது. மோதிக்கொண்ட இருவருக்கு நடுவே சிக்கி விழுந்த மலை, தலையைத் தடவிக்கொண்டே எழுந்தான்.

பயிற்சியாளர் மைதானத்துக்குள் ஓடினார். "மலை, உட்காரு."

"சின்ன இடிண்ணே. ஒண்ணுமில்ல."

"ஸ்கோர் என்ன?"

"பதினேழு, பதினஞ்சு."

"இது எந்தப் பாதி?"

"முதல் பாதி."

யாரோ சிரித்தார்கள். பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "போதும், வெளியே வா."

அணித்தலைவன் அவர் கையைப் பிடித்தான். "கோச், நாமதான் முன்னால இருக்கோம். இவர் போனா கப்பும் போச்சு!"

"எங்கண்ணனும் சின்ன இடின்னுதான் சொன்னான். ஆட விட்டோம். அந்தக் கப்பு வீட்ல இருக்கு, அண்ணன் இல்ல."

மலை கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி நீட்டினான். வேறு நடுவர் கிடையாது. அப்படி நேர்ந்தால் வெளியூர் அணியின் பயிற்சியாளர் விசில் எடுப்பது அந்தச் சங்கத்தின் வழக்கம். எதிரணிப் பயிற்சியாளர் ஆவலோடு வாங்கிக்கொண்டார். கடைசி நிமிடத்தில் தன் அணிக்கே ஒரு பெனால்டி கொடுத்தார். அந்த உதையில் மூன்று புள்ளி. பதினெட்டு, பதினேழு.

மாலையில், இரண்டு வார ஓய்வு போதும் என்று சொல்லிவிட்டு மருத்துவர் போனதும், கட்டிலில் இருந்த மலை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பயிற்சியாளரிடம் கேட்டான்.

"அந்த பெனால்டி சரியாண்ணே?"

"அநியாயம்டா."

"நானா இருந்தா கொடுத்திருக்க மாட்டேன்."

"நீயா? போன வருஷம் எங்களுக்கு எதிரா கொடுத்தியே, மறந்துபோச்சா?"

"நல்லா ஞாபகம் இருக்கு. அது சரியான பெனால்டிதாண்ணே."

ஒரு வருடமாக அதை எதிர்த்து வாதாடியவர், அன்று மட்டும் சிரித்துக்கொண்டே அவனுக்கு ஆரஞ்சு உரித்தார்.