ஹேண்ட் பிரேக்

"ஐயோ, மறுபடியும் ஹேண்ட் பிரேக்கை இழுத்துட்டீங்களே!"

கார் குலுங்கி நின்றது. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். எதிரே லாரி வந்தாலே போதும், பழக வந்த அந்தப் பெண்மணியின் இடது கை தானாகப் போய் பக்கத்திலிருக்கும் ஹேண்ட் பிரேக்கை மேலே தூக்கிவிடும்.

"மன்னிச்சிடுங்க மாஸ்டர், கை அப்படியே பழகிப்போச்சு."

"எதுல? வீட்டுல அடிபம்பு அடிச்சா? இப்படிப் பயந்து செத்தீங்கன்னா இந்த ஜென்மத்துல லைசென்ஸ் கிடைக்காதும்மா. நாளைக்காவது தைரியமா ஓட்டுங்க."

"நாளைக்கு ஒரு விழா இருக்கு, வர முடியாது மாஸ்டர்."

"நல்லதாப் போச்சு. என் உயிருக்கும் ஒரு நாள் லீவு!"

மறுநாள் ராணுவ மைதானத்தில் மாஸ்டர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், போரில் காலில் குண்டடிபட்டுத் திரும்பிய மகன்.

"சுத்திலும் குண்டு வெடிக்குதுப்பா. அதுக்கு நடுவுல வந்து இறங்கி, எங்களை அள்ளிப் போட்டுக்கிட்டு, இடது கையால பக்கத்துல இருந்த லீவரை ஒரே தூக்கு! ஹெலிகாப்டர் ஜிவ்வுனு மேல ஏறிடுச்சு. அந்த பைலட்டுக்குத்தான் இன்னைக்கு மெடல். அதோ, வர்றாங்க பாருங்க!"

மேடையைப் பார்த்த மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

விழா முடிந்ததும், மெடல் மின்ன அந்தப் பெண்மணியே சிரித்தபடி அருகில் வந்தார்.

"மாஸ்டர், இனிமே சத்தியமா ஹேண்ட் பிரேக்கைத் தொடமாட்டேன்."

மாஸ்டர் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இழுங்கம்மா! வர்ற லாரியை நான் இறங்கிப் போய் நிறுத்திக்கறேன்."