வடிவு சொன்ன உளவு

“உன் ஊட்டுக்காரன் வெளிய வரணுமா, வாணாமா?”

டீக்கடைக்குப் பின்னால் நின்று ஏட்டு சத்யராஜ் மூன்றாம் நாளாகக் கேட்டார்.

ஐயம்பேட்டைக் கோயிலில் சிலை காணாமல் போன நாளிலிருந்து, அங்கே சுண்ணாம்பு அடித்த வடிவின் புருஷன் வீராசாமி ஸ்டேஷனில் கிடந்தான். கேஸும் போடவில்லை, கோர்ட்டுக்கும் கொண்டுபோகவில்லை.

“வரணும் சார்.”

“அப்ப சொல்லு. நீ பெருக்கற மாடியில தங்கிக்கினு இருக்கானே வெள்ளக்காரன், இன்னா பண்றான்?”

“கோயிலப் படம் போட்டு வெக்கறாரு சார். வாசல் எங்க, சாமி எங்கன்னு. நேத்து இஞ்சு டேப்பு கெடந்துச்சு.”

“அதான பாத்தேன்! கம்யூனிஸ்டு ஆட்சி கவுந்த தேசத்துக்காரன். துன்றதுக்கு இல்லாம சாமியத் தூக்க வந்துட்டான்!”

வடிவுக்கும் வயிறு எரிந்தது. எவனோ திருட, என் புருஷன் உதை வாங்குவதா? தினமும் கட்டில்மேல் புதுசாக ஒரு படம் கிடக்கும். தினமும் போய்ச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை வீராசாமி நொண்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான்.

மறுநாள் வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் தேசிகன், ரிட்டயரான வக்கீல், அவளை மாடிக்குக் கூப்பிட்டார்.

“நேத்து இன்ஸ்பெக்டர் வந்தார், வடிவு. இவர் காகிதத்தைப் பார்த்துட்டு சல்யூட் அடிச்சுட்டுப் போனார். இவர் அவா தேசத்துல பெரிய ஜட்ஜ். சர்க்கார் போட்ட சட்டத்தையே செல்லாதுன்னு சொல்ற கோர்ட்டு.”

“ஐயோ! என்னை உள்ள தள்ளிடுவாரா சாமி?”

“கேளு. பழைய ஆட்சியில போலீஸ்காரா ஒவ்வொருத்தரையும் உளவு பார்த்து எழுதி வெச்சிருந்தாளாம். அவாவா அதைப் படிக்கலாம்னு இவர் கோர்ட்டு தீர்ப்பு சொல்லித்து. இவரும் தன்னோடதைப் படிச்சார். உளவு சொன்னது, இவராத்தைப் பெருக்கினவ.”

வடிவு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். “நல்லாத் திட்டச் சொல்லுங்க சாமி. வாங்கிக்கறேன்.”

வெள்ளைக்காரர் மெதுவாக ஏதோ சொன்னார். தேசிகன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தமிழில் சொன்னார்:

“அந்தப் பெருக்கினவ புருஷனும் அப்ப உள்ளதான் இருந்தானாம். நீ ஏட்டோட பேசறதை இவர் முதல் நாளே ஜன்னல் வழியாப் பார்த்துட்டார். சொல்ல ஒண்ணுமில்லாம நீ போய் நிக்கக் கூடாதேன்னுதான், ஒரு கோயிலுக்கும் போகாத மனுஷன், கோயில் எப்படி இருக்கும்னு என்னைக் கேட்டுக் கேட்டு தெனமும் படம் போட்டு வெச்சார்.”