ஒன்பதாயிரம் குறிப்புகள்

விவாகரத்துத் தீர்ப்பு வந்த வாரம், பாட்டுகளை வாங்கிக்கொள்ள கதிரேசன் ஹார்டு டிஸ்க்கோடு ஷெரின் வீட்டுக்கு வந்தான். ஆறு வருடங்களாகக் கல்யாண வரவேற்புகளில் டிஜேவாக நின்றவன் அவன். ஒன்பதாயிரம் பாட்டுகளையும் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டரில் ஒரு குறிப்பு எழுதி அடுக்கியவள் அவள். மேடையில் அந்தக் குறிப்புகளைப் பார்த்துத்தான் அவன் அடுத்த பாட்டைத் தேர்ந்தெடுப்பான்.

“பாட்டு மட்டும் போதும். குறிப்பெல்லாம் உன் உழைப்பு. அழிச்சிட்டே குடு,” என்றான்.

“அழிக்கத்தான் போறேன்,” என்றாள்.

அவன் பால்கனிக்குப் போனதும் எல்லாக் குறிப்புகளையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தாள். இனி ஒரு விசையை அழுத்தினால் போதும். ‘பெண்வீட்டுப் பெரியவர்கள் எழுந்து வருவார்கள்.’ ‘பந்தி ஆரம்பித்த பிறகு போடாதே.’ ‘கூட்டம் குறைவாக இருந்தால் இது.’ இவை இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை அவன் மேடையில் திணறி நிற்பதை நினைத்துப் பார்த்தாள். அதில் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

விரலை எடுத்துவிட்டு ஒரேயொரு பாட்டைத் தேடினாள். ‘கதிருக்கு ஆடவே பிடிக்காது. நான் கூப்பிட்டால் இதற்கு மட்டும் ஆடுவான்’ என்று எழுதியிருந்தாள். அந்த வரியை மட்டும் அழித்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அப்படியே டிஸ்க்கில் நகலெடுத்தாள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவன் கேட்டான். “எல்லாத்தையும் அழிச்சிட்டியா?”

“அழிச்சிட்டேன்,” என்று டிஸ்க்கை அவன் கையில் கொடுத்தாள்.