மாத்தளைப் பாதையில் ஒரு மன்னிப்பு

மூக்கையா வேனை ஓரங்கட்டினார். "இந்த எடந்தாங்க."

அக்குறணை தாண்டி மாத்தளைப் பாதையில் ஒரு வளைவு. ஒரு பக்கம் டயர் கடை, மறுபக்கம் புல் மண்டிய சரிவு. பார்க்க ஒன்றுமில்லை.

ஹெலன் இறங்கினார். இங்கிலாந்திலிருந்து வந்திருந்த முதியவர். அவருடைய பாட்டனாரின் பாட்டனார் கண்டிப் பக்கம் கோப்பித் தோட்டம் வைத்திருந்தவர். தோட்டத்தைப் பார்த்தாயிற்று, அதில் வேலை செய்தவர்கள் நடந்து வந்த வழியையும் பார்க்க வேண்டும் என்றார்.

ஜனார்த்தனனின் விடுதியில்தான் அவர் தங்கியிருந்தார். வேனும் ஜனார்த்தனனுடையதுதான். சாரதி மூக்கையாவுக்கு ஆங்கிலம் வராது. ஆகவே ஜனார்த்தனன் இருவருக்கும் நடுவில் நின்றார்.

மூக்கையா சரிவைப் பார்த்தபடியே சொன்னார்.

"ராமநாதபுரத்துல பஞ்சம். இங்க வந்தா சோறு கெடைக்கும்னு கூட்டிட்டு வந்தாங்க. மன்னார்ல எறங்கி காட்டு வழியா நடை. வழியில வாந்திபேதி. எங்க பூட்டியோட ஆத்தா இங்கதான் விழுந்துட்டாங்கன்னு வீட்டுல சொல்லுவாங்க. உசுரு இருந்துச்சு. ஆனா கூட்டம் நிக்கல. புருசன் கைப்புள்ளைய மட்டும் தூக்கிட்டு நடந்தாரு. அந்தப் புள்ள வழி வந்தவங்கதான் நாங்க."

ஜனார்த்தனன் ஒரு வரி விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார்.

ஹெலன், கோப்பி எந்தக் கப்பலில் லண்டனுக்கு வந்தது, எந்த வீடுகளில் குடித்தார்கள் என்றெல்லாம் தன் வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள், இதை யாரும் சொன்னதில்லை என்றார்.

சட்டென்று ஜனார்த்தனனின் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். உங்கள் ஆட்களுக்கு நாங்கள் செய்ததற்கு எங்களை மன்னித்துவிடுங்கள் என்று அழுதார்.

அவரை மூக்கையாவின் பக்கம் திருப்பிவிட்டிருக்கலாம்.

ஜனார்த்தனன் கைகளை விடுவித்துக்கொள்ளவில்லை. "பரவாயில்லை, அதெல்லாம் பழைய காலம்" என்று அழகான ஆங்கிலத்தில் சொன்னார்.

"ஏன் அழுவுறாங்க மொதலாளி? என்னவாம்?"

ஹெலன் சொன்னதைத் தமிழில் சொல்ல வேண்டுமானால், மூக்கையாவின் முகத்தைப் பார்த்து, தன் வாயால், 'மன்னிச்சிருங்க' என்று சொல்ல வேண்டும்.

"ஒண்ணுமில்ல. ஒங்க கதையக் கேட்டு மனசு கஷ்டமாயிருச்சாம்."

மூக்கையாவுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. வேனிலிருந்து தன் தண்ணீர்ப் போத்தலை எடுத்து வந்து ஹெலனிடம் நீட்டினார். "தேங்க் யூ மேடம்" என்றார்.

ஹெலன் குடித்தார். பாரம் இறங்கியவர்போல இருவரையும் பார்த்துச் சிரித்தார்.

வேன் கண்டிக்குத் திரும்பியது. முன் ஆசனத்தில் ஜனார்த்தனன் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

மூக்கையா ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தார்.

அன்று கூட்டத்தை நிற்கவிடாமல் அதட்டி ஓட்டியவர் வெள்ளைக்காரர் இல்லை. ஊர் ஊராகப் போய்ச் சோற்றைச் சொல்லி ஆள் திரட்டி வந்த அழகமுத்துக் கங்காணி. நோய் விழுந்து கோப்பி அழிந்த பிறகும் கங்காணியின் குடும்பம் அழியவில்லை. கண்டி டவுனில் அவர் வாங்கிய காணியில்தான் இன்று ஜனார்த்தனனின் விடுதி நிற்கிறது.

இது ஜனார்த்தனனுக்குத் தெரியும். மூக்கையாவுக்கும் தெரியும்.

கங்காணியின் பெயரைத் தலைமுறைக்கு ஒரு பிள்ளைக்கு வைப்பது அந்த வீட்டு வழக்கம். இப்போது ஜனார்த்தனனின் மகனுக்கு அந்தப் பெயர்.

கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டியதும் மூக்கையா கடிகாரத்தைப் பார்த்தார்.

"சின்னவரு அழகமுத்துக்கு ஸ்கூல் விடுற நேரமாச்சு மொதலாளி. இவங்கள எறக்கிட்டு, நானே போயி பத்திரமாக் கூட்டிட்டு வந்துர்றேன்."